கையை நீட்டக் கூடாது

"பதினோரு மணி. ரெண்டாவது கிளை," என்று கிசுகிசுத்தாள் நோரீன்.

ஜூடித் திரும்பவே இல்லை.

மரத்தைக் கடிகார முகமாக வைத்துப் பறவை இருக்கும் இடத்தைச் சொல்வது அவர்கள் இருவரின் வழக்கம். கையை நீட்டினால் பறவை பறந்துவிடும். பறவையின் குரலைக் கேட்டு நோரீன் சொல்வாள்; ஜூடித் பார்ப்பாள். பல வருடங்களாக இந்தக் காட்டில் அப்படித்தான் நடந்தார்கள்.

இந்த வசந்தத்தில் வாரன் வந்து சேர்ந்தான்.

"ஜூடி, அங்க பாரு, அங்க!" என்று கத்துகிறான். காற்றாலை மாதிரி கையை வீசுகிறான். அவள் தோளைப் பிடித்துத் திருப்புகிறான். கை நீட்டுகிறவர்களைக் கண்டாலே எரிந்துவிழும் ஜூடித், இவனைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

காலையில் பிளாஸ்கிலிருந்து முதல் தேநீர் அவனுக்குத்தான் போனது. "எனக்கும் கொஞ்சம்," என்று பின்னாலிருந்து நோரீன் கேட்டபோது, ஜூடித் மூடியைத் திருகிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

தான் சுட்டுக் கொண்டுவந்திருந்த பழக்கேக்கை நோரீன் வெளியே எடுக்கவில்லை.

"என்ன நோரீன், மூஞ்சி மழை மேகம் மாதிரி இருக்கு? பறவையெல்லாம் குடை தேடி ஓடிடப்போகுது," என்றான் வாரன்.

"பறவை எதனால ஓடுதுன்னு எனக்குத் தெரியும்."

அவர்கள் தேடிவந்தது ரீஜென்ட் தேனுண்ணி என்ற கறுப்பும் பொன்னுமான பறவையை. நாட்டிலேயே சில நூறுதான் மிச்சம். இருவரும் இதுவரை பார்த்ததில்லை. அதை ஜூடித் முதன்முதலாகப் பார்க்கும்போது பக்கத்தில் இந்தக் காற்றாலை நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் நோரீனின் வேண்டுதல்.

ஓடைக்கரையில் வாரன் காலணிக்குள் போன கல்லை எடுக்க உட்கார்ந்தான். நோரீன் விரைந்து நடந்து ஜூடித்தின் பின்னால் போய்ச் சேர்ந்தாள்.

உச்சிக் கிளையில் கரகரவென்று ஒரு கூச்சல்.

"மொட்டைத்தலையன்தான். விடு," என்றாள் நோரீன். காடெங்கும் கத்தித் திரியும் அந்தப் பறவைக்காகத் தொலைநோக்கியைத் தூக்குவானேன்?

ஜூடித் அண்ணாந்தபடியே நின்றாள்.

"வா, ஜூடி."

அசைவில்லை.

"ஜூடி!"

இவ்வளவு அலட்சியமா? அப்படி எதைத்தான் பார்க்கிறாள் என்று நோரீன் தொலைநோக்கியை உயர்த்தினாள்.

கறுப்பு உடலில் பொன் சரிகை.

அது அலகைத் திறந்தது. மொட்டைத்தலையனின் குரல் வந்தது.

பாடக் கற்றுத்தர மூத்த ஆண் பறவைகள் இல்லாமல்போன இனம். இளசுகள் பக்கத்து மரத்துக் குரலைக் கடன் வாங்கிக்கொள்ளும். நோரீனுக்கு அது தெரியும். தெரிந்தும் அவள் காது ஏமாந்துவிட்டது.

பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

ஜூடித் மெல்லத் திரும்பினாள். கண்கள் கலங்கியிருந்தன. கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி கேட்டாள்:

"அது பாடுதா, நோரீன்?"

பறவை கிளையை விட்டு எழும்பியது.

நோரீன் பெரிதாகத் தலையாட்டினாள். பிறகு ஜூடித்தின் தோளைப் பிடித்துத் திருப்பி, அது போகும் திசையில் கையை முழுதாக நீட்டினாள்.