வயிற்றில் சுண்ணாம்பு

கம்ப்யூட்டரில் தெரிவது தன் மனைவியின் இரைப்பை என்று அவனால் நம்ப முடியவில்லை.

சாயம் ஏற்றிப் பெரிதாக்கிய ஊதா நிறச் சதை. அது முழுக்கப் பொடிப் பொடியாகக் கருநீலப் புள்ளிகள்.

ஆபரேஷனில் எடுத்த சதையை அறுக்கும்போது கத்தி நறநறத்தது என்றார் டாக்டரம்மா. புற்றுநோய்தான். ஆனால் அதற்குள் மணல் தூவினாற்போல் இப்படிச் சுண்ணாம்பு உறைந்திருப்பதை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லையாம்.

சுண்ணாம்பு.



கல்யாணமான மறுமாதமே தனக்கோடியைச் சுண்ணாம்பு சுடும் காளவாய் வேலைக்குக் கூட்டிப் போனது அவன்தான். அவளுக்கு இஷ்டமில்லை. சனிக்கிழமை தவறாமல் கூலி வரும் என்று மல்லுக்கு நின்று கூட்டிப் போனான்.

பத்தொன்பது வருஷம் சுண்ணாம்பு சலித்தாள். தூக்குச்சட்டியைத் திறந்தால் சோற்றின் மேல் வெள்ளையாகப் படியும். ஊதிவிட்டுத் தின்பாள்.

ஊதியது போக மிச்சம் இங்கே இருக்கிறது.

"நாந்தாம்மா அவள அங்க இழுத்துட்டுப் போனேன்."

டாக்டரம்மா தலையை அசைத்தார். "தூசி போயி இப்படி ஆகாதுங்க. இது அந்தக் கட்டியே உண்டாக்கிக்கிட்டது. உங்க மேல தப்பில்ல."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

காளவாய்ச் சுண்ணாம்பை அவனுக்குத் தெரியும். தண்ணீர் பட்டால் கொதிக்கும். பொங்கும். அப்புறம் அடங்கிவிடும்.

இது யாரும் சுடாமல், யாரும் கொட்டாமல் தானாக விளைந்தது.

எதை ஊற்றினால் அடங்கும்?

வார்டில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாலு நாளாகப் பேச்சில்லை. காலடி கேட்டுத் திரும்பினாள். கண்ணில் அத்தனை பயம்.

வயிற்றில் என்னவாம் என்று கேட்டாள்.

சுண்ணாம்பாம் என்றான்.

"காளவாய்ச் சுண்ணாம்பா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தே ஆமாம் என்று தலையாட்டினான்.

அவனையே பார்த்தாள். பயம் மெல்ல வடிந்தது. அந்த இடத்தில் கோபம் ஏறியது.

"பாவி மனுசா. திருப்பூருக்கு வான்னு எங்கண்ணன் எத்தினி தரம் கூப்டுச்சு. போவ வுட்டியாய்யா நீ?"

அதோடு விடவில்லை. அவன் அப்பன் வரைக்கும் இழுத்தாள். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

அவள் குரலை உயர்த்தினால் வயிறு வலிக்குமே என்று, ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.