கமரா திறக்காத அம்புறோஸ்

உள்ளறையில் நிவேதிகா மறுபடியும் சிரித்தாள். விறாந்தைக் கதிரையில் கையில் போனோடு இருந்த தனஞ்சயனுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்காக இப்படி ஒருமுறை சிரித்ததாக அவனுக்கு நினைவில்லை.

சிரிக்க வைத்தவன் அம்புறோஸ். அவளோடு சூம் வகுப்பில் படிக்கிறவன்.

நிவேதிகா அடம்பன் பக்கத்தில் பல் வைத்தியர். மேற்படிப்புக்கு ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டும், ஆராய்ச்சிக்குப் புள்ளிவிபரவியல் தெரிய வேண்டும். யாரும் சேரலாம் என்று அறிவித்திருந்த ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அங்கே அவள் என்ன சந்தேகம் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் எழுதுகிறவன் இந்த அம்புறோஸ்தான். அவன் கமராவைத் திறப்பதில்லை. மைக்கும் பழுதாம்.

தனஞ்சயன் முருங்கனில் விவசாயப் போதனாசிரியர். பகல் முழுக்கப் பரிசோதனை வயல்களில் வரம்பு வரம்பாக நடந்து களைத்து வீட்டுக்கு வந்தால், மனைவியின் அறைக்கதவு சாத்தியிருக்கும். மனிதனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

வகுப்பில் இடைவேளை விட்டதும் நிவேதிகா தேத்தண்ணி போட வெளியே வந்தாள்.

"என்ன, அப்பிடிச் சிரிப்பு?" என்றான்.

"அம்புறோஸ் எழுதினதை வாசிச்சனான். மனிசன் என்ன வடிவா விளங்கப்படுத்துறார் தெரியுமே!"

"சொல்லுமன், நாங்களும் சிரிப்பம்."

"ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் பல்லில புளோரைட் பூசி, மற்றப் பள்ளிக்கூடத்தில பூசாம விட்டு, எங்க சூத்தைப்பல் குறையுதெண்டு பாப்பம் எண்டு நான் எழுதியிருந்தனான். அதுக்கு அவர் கேக்கிறார், 'புது விதைநெல்லை வாய்க்காலுக்குக் கிட்டின வயலில விதைச்சுப்போட்டு, பழசைத் தண்ணி எட்டாத வயலில விதைச்சா, விளைஞ்சது விதையாலயோ தண்ணியாலயோ டொக்டர்?' எண்டு. ஒரு பள்ளிக்கூட வாசலில மிட்டாய்க்கடை இருக்கு, மற்றதில இல்லை. எனக்கு அது மண்டையில ஓடவே இல்லை பாருங்கோ!"

"இப்ப என்ன செய்யட்டாம்?"

"ரெண்டு பள்ளிக்கூடத்திலயும் ஆருக்குப் பூசிறது, ஆரை விடுறதெண்டு சீட்டுக் குலுக்கிப் பிரிக்கட்டாம். பேராசிரியர் எத்தினை தரம் சொல்லியும் விளங்காதது, அவர் ஒரு வரியில சொல்லிப்போட்டார்."

தனஞ்சயனின் முகம் சுருங்கியது. "நான் நெல்லைப் பற்றிக் கதைச்சா மட்டும் நீர் கொட்டாவி விடுவீர்."

"நீங்கள் உரவிலையைக் கதைக்கிறனீங்கள். அவர் என்ர படிப்பைக் கதைக்கிறார்."

சுருக்கென்று குத்தியது. அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் குரலில் வருகிற குழைவு, 'இஞ்சருங்கோ' என்று தன்னைக் கூப்பிடும்போது ஏன் வருவதில்லை? அம்புறோஸ் மீது அவனுக்கு இருந்தது அசல் பொறாமை. அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

நிவேதிகா தேத்தண்ணியை அவன் முன் வைத்தாள். "வாற ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போறன். மன்னாரிலதான் இருக்கிறாராம்."

"ஆரைக் கேட்டு?"

"ஏன், நல்ல மனிசன்தானே?"

"நல்ல மனிசன் ஏன் முகத்தைக் காட்டாம ஒளிக்கிறான்?"

நிவேதிகா அவனை ஒரு கணம் பார்த்தாள். "அதைத்தான் நானும் யோசிக்கிறனான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தேத்தண்ணி அப்படியே ஆறியது. 'தண்ணி மோட்டரைப் பாத்திட்டு வாறன்' என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுத் தனஞ்சயன் பின்வளவுக்குப் போனான். அம்புறோஸ் ஒழிந்தால்தான் இந்த வீட்டில் தனக்கு இடம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னமே ஒழிய வேண்டும்.

உள்ளே வகுப்பு மறுபடி தொடங்கியிருந்தது. நிவேதிகா ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்து அம்புறோஸுக்கு எழுதினாள். பிறகு பதில் வந்தது.

'மன்னிக்கவும் டொக்டர். விருந்துக்கு வரேலாது. நான் இந்த வகுப்பையும் இண்டையோட விடுறன். என்னைத் தேட வேண்டாம்.'

அவள் அதை இரண்டுமுறை வாசித்தாள். பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாள். அவள் வகுப்பைப் பாதியில் விட்டது அதுவே முதல் தடவை.

கிணற்றடியில் தனஞ்சயன் முதுகு காட்டி நின்றான். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன் போனைச் சேட்டுப் பைக்குள் போட்டான். அவள் கண்கள் கலங்கியிருந்ததைக் கண்டதும், அவன் பொறாமை இன்னும் ஒருமுறை பற்றிக்கொண்டது.

"என்ன, அவன் வரேல்லை எண்டிட்டானோ? அதுக்கு அழுகை வேறயோ?"

நிவேதிகா கிட்ட வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"நீங்கள் விட்டிட்டுப் போனா, மிச்சப் பாடத்தை எனக்கு ஆர் சொல்லித் தாறது, அம்புறோஸ்?"