கத்துக்குட்டிக்கு ஒரு சந்தேகம்

நொண்டிக் கிழவனை மதிலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார் தளபதி. சாம்பல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கிழவன் கதவை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு அப்படியே சரிந்தான்.

“ஒரு வாய் குறைஞ்சுது,” என்றார் தளபதி, தேநீரை உறிஞ்சியபடி. “பாத்தீங்கல்ல? இதுதான் முதல் பாடம்.”

கிழவன் செத்தது கணினித் திரையில். உலகம் எரிந்து முடிந்தபின் மிஞ்சிய நாலு பேரைச் சேர்த்து ஊர் கட்டுகிற விளையாட்டு அது. அதில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு வித்தை சொல்லிக்கொடுக்கும் நேரலையை, மாமனாரின் கண்ணாடிக் கடைக்கு மேலேயுள்ள மாடி அறையிலிருந்து தினமும் காலையில் நடத்திவந்தார்.

‘தளபதி’ பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். உலகமே தன்னைப் பார்ப்பதாக நினைப்பு. பார்த்தவர்களை ஒரு வேனில் ஏற்றினாலும் பின்சீட்டில் படுத்துக்கொண்டு போகலாம்.

“புதுசா வர்றவன் என்ன பண்றான்? வந்ததும் பூந்தோட்டம் போடறான். மடப்பய! முதல்ல தண்ணி. அப்புறம் மதில். அப்புறம் அடுப்பு. ஜனங்க சிரிக்கறாங்களா அழறாங்களான்னு சாவகாசமா பாத்துக்கலாம்.”

திரையின் ஓரத்தில் கேள்விகள் ஊர்ந்தன. ‘கத்துக்குட்டி’ என்ற பெயரிலிருந்து ஒன்று வந்தது. சில நாளாக வருகிற ஆள். எதைக் கேட்டாலும் ‘குருவே’ என்றுதான் தொடங்குவான். பணிந்து கேட்பவனை ஏறி மிதிப்பதில் தளபதிக்குத் தனி ருசி.

சத்தமாக வாசித்தார். “‘குருவே, என் ஊர்ல ஒருத்தன் வேலையே செய்யறதில்ல. சாப்பாடு மட்டும் மூணு வேளையும் இறங்குது. மத்தவங்க முகமெல்லாம் வாடிப்போச்சு. என்ன செய்யலாம்?’ டேய் கத்துக்குட்டி, இதெல்லாம் ஒரு கேள்வியா? உனக்கு மூளை இருக்கா, இல்ல அதையும் அந்தச் சோம்பேறிக்கே வறுத்துப் போட்டுட்டியா?”

சிரிப்புப் பொம்மைகள் நாலைந்து திரையில் குதித்தன. தளபதி நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி வந்தாள்.

“கண்ணாடி லோடு வந்து நிக்குது, இறக்க ஆள் இல்ல. அப்பா கடையைக்கூடத் திறக்காம ஃபோனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்களாவது ஒரு கை பிடிக்கக் கூடாதா?”

தளபதி மைக்கைப் பொத்திக்கொண்டார். “ஒரு ஊரையே நிர்வாகம் பண்ணிட்டிருக்கேன். என்னைப் போய்க் கண்ணாடி தூக்கச் சொல்றியே!”

“ஆமா, பெரிய நிர்வாகம்!” காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

அடுத்த கேள்வி காத்திருந்தது. ‘வெளியே அனுப்பலாம்தான் குருவே. ஆனா மரியாதை கொடுத்தே பழகிட்டேன். வாய் வரமாட்டேங்குது.’

“மரியாதையா? நீ என்ன ஊர்த்தலைவனா, அவனுக்கு விசிறி வீசறவனா? பொம்மைக்குக் கூச்சப்படற ஜென்மத்தை இன்னிக்குத்தான்டா பாக்கறேன்!”

‘நல்ல அறையும் அவனுக்குத்தான் விட்டிருக்கேன். கரண்ட்டையும் அவன்தான் அதிகமா இழுக்கறான்.’

“கரண்ட் வேறயா! ஆஸ்பத்திரி இருட்டுல கிடக்கும், தொரை வெளிச்சத்துல உக்காந்திருப்பாரு. உனக்கெல்லாம் ஊர் எதுக்குடா? கோழிக்கூண்டு குடுத்தாலே திறந்து விட்டுட்டு வானத்தைப் பாத்துட்டு நிப்பே.”

‘இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமா குருவே? நல்லா பேசுவான்.’

“பேசறவனா? அப்ப அவன்தான் முதல்ல போகணும்! பேச்சு வந்து மதில் கட்டுமா? உழைக்கறவனெல்லாம் அவன் மூஞ்சியப் பாத்துப் பாத்தே கை ஓஞ்சு போவான். உன் ஊர் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது.”

எழுத்தெழுத்தாகத் தேடி அடித்ததுபோல், கத்துக்குட்டியின் அடுத்த வரி மெதுவாக வந்தது.

‘அவனை நம்பி ஒரு பொண்ணு இருக்கு குருவே.’

“அவ வேலை செய்யறாளா?”

‘இங்க பாதி வேலை அவதான் செய்யறா.’

“அப்ப அவ ஊருக்குச் சொத்து. அவளை வச்சுக்க, அவனைத் தள்ளு. ரெண்டு நாள் அழுவா, அப்புறம் தெளிஞ்சிடுவா. இதைக்கூட ஒருத்தன் சொல்லித் தரணுமா?”

‘எப்ப செய்யட்டும்?’

“இப்பவே! அவன் சாமானைத் தூக்கி வெளிய வை. முகத்தைப் பாத்து ஒரே வார்த்தை, அவ்வளவுதான். இதுகூட முடியலேன்னா இந்தப் பக்கமே வராதே!”

‘சரிங்க குருவே. நீங்களே சொல்லிட்டீங்க. ரொம்ப நன்றி.’

தளபதி கேமராவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “பாத்தீங்களா, ஒரு ஊரைக் காப்பாத்தியாச்சு. இந்த மாதிரி மண்டுகளுக்குப் புரியவைக்கறதுக்குள்ள என் உசிரு போயிடும்.”

அடுத்த பாடம் தொடங்கியது. மதிலுக்குக் கல் அடுக்கும் விதத்தை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம். இதுவரை இந்த அறைக்கு ஏறி வந்திராத மாமனார் கதவருகே வந்து நின்றார். மூச்சு வாங்கியது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நேரலை ஓடிட்டிருக்கு மாமா,” என்றார் தளபதி, திரும்பிப் பார்க்காமலே. “எதுவா இருந்தாலும் சட்டுனு சொல்லுங்க.”

மாமனார் கூச்சத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உங்க பெட்டியைத் தெருவுல வச்சிட்டேன், குருவே.”