சுருட்டை வால் ரகம்

"இன்னா சாதி?" என்று கேட்டான் கணக்குப்பிள்ளை கங்காதரன்.

"நாங்களா, நாயா?" என்றாள் அம்சா.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கங்காதரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாயத்தாம்மா கேக்கறேன். இது சாதி நாய்ங்களுக்குப் போட்டி. கலப்பு எதுவும் உள்ள வரக்கூடாது. முப்பாட்டன் வரைக்கும் பேரு சொல்லணும்."

"எங்க ஊட்டுக்காரருக்கே முப்பாட்டன் பேரு தெரியாதுங்களே."

"அதான் சொல்றேன், நகரு."

அம்சா நகரவில்லை. அவளோடு வந்த நாயும் நகரவில்லை.

போட்டியில் ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை. அது யாருக்கு வேண்டும்? மேசைமேல் குவித்து வைத்திருந்த பித்தளை வில்லைகளில் ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். போட்டியில் சேர்த்துக்கொண்ட நாய்களின் கழுத்தில் எல்லாம் மிட்டாதார் கோதண்டத்தின் பேர் பொறித்த வில்லையைக் கட்டி, அவருடைய மாந்தோப்புக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்து இறங்குவதற்குள் திருத்தணியில் கேட்பாரில்லாத நாய்களை எல்லாம் அடித்துத் தீர்த்துவிட வேண்டுமென்று உத்தரவாகியிருந்தது. தடிக்காரர்கள் நேற்றுப் பக்கத்துத் தெருவை முடித்துவிட்டார்கள். விடிந்தால் நெசவுத் தெரு.

கயிறு கட்டியிருந்தாலும் விடுவதில்லை. ஆனால் மிட்டாதார் பேர் தொங்கும் கழுத்தில் கை வைக்க எவனுக்குத் தைரியம் வரும்?

விடியுமுன் சேலை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்கு நடக்கிறபோது அம்சாவுக்குத் துணை அந்த நாய்தான். தறிக்குழியில் அவள் காலடியில் சுருண்டு படுப்பதும் அதுதான்.

"ஏம்மா, உனக்குத்தான் சொல்றேன்" என்று கங்காதரன் எழுந்தான்.

அப்போதுதான் மாமரத்தடியிலிருந்து மிட்டாதாரின் குரல் கேட்டது.

பட்டணத்திலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு, தன்னுடைய அல்சேஷன் லில்லி போட்ட குட்டிகளைக் கூடையோடு காட்டிக்கொண்டிருந்தார் அவர். குட்டிகள் கொழுகொழுவென்று இருந்தன. எல்லாவற்றுக்கும் நாலு பாதமும் வெள்ளை. வால் மட்டும் முதுகுமேல் முறுக்கு மாதிரி சுருண்டிருந்தது.

"அல்சேஷனுக்கு வால் தொங்கணுமே சார்?" என்று இழுத்தார் விருந்தாளிகளில் ஒரு வக்கீல்.

"அது சாதாரண அல்சேஷனுக்கு" என்றார் கோதண்டம். "வால் சுருண்டு, கால் வெளுத்து இருந்தா அது ஒசத்தி ரகம். சீமையிலயே லேசுல கெடைக்காது. ஒரு குட்டிய கலெக்டர் பங்களாவுக்கே அனுப்பி வெச்சிருக்கேன். துரைசானி மடியவிட்டு எறக்கறதில்லையாம்!"

அம்சா தன் நாயைப் பார்த்தாள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே மாமரத்தடிக்குப் போனாள். கங்காதரன் பின்னாலேயே ஓடினான். நாயைத் திருப்பி, பின்பக்கம் மிட்டாதாருக்குத் தெரியும்படி நிறுத்தினாள்.

நாலு வெள்ளைப் பாதம். முதுகுமேல் முறுக்கு.

"எஜமான், நீங்க சொல்ற ஒசத்தி ரகம் இதுதானுங்களே? கணக்குப்பிள்ளைக்குத் தெரியல. தெருநாய்ன்றாரு."

வக்கீல் நாயின் வாலைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மறுபடியும் வாலைப் பார்த்தார். எல்லோரும் வாலையேதான் பார்த்தார்கள்.

கோதண்டத்துக்கு நெற்றி வேர்த்தது. தெருநாய் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் கூடையில் இருப்பதும் தெருநாய். துரைசானி மடியில் இருப்பதும் தெருநாய்.

"ஏண்டா கங்காதரா, கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று கத்தினார். "சாதி நாயப் பாத்தா தெரியாது? கட்றா வில்லைய!"

கங்காதரன் ஓடிப்போய் வில்லையை எடுத்துவந்து கட்டினான். அவன் போட்ட முடிச்சு அம்சாவுக்குப் பிடிக்கவில்லை. அதை அவிழ்த்துவிட்டு, அறுந்த இழையைச் சேர்க்கிற முடிச்சாகத் தானே போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"அப்போ இந்தக் குட்டிங்களுக்கு அப்பா இவர்தானா?" என்று கேட்டார் வக்கீல்.

தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷத்தில் மிட்டாதாருக்குக் குரல் திரும்பிவிட்டது.

"பின்ன? நானே பார்த்துப் பார்த்து சேர்த்து வெச்சேன். மூஞ்சியப் பாருங்க, ஆம்பளச் சிங்கம் மாதிரி!"

வக்கீல் குனிந்து நாயின் முன்காலைப் பிடித்து மரியாதையாகக் குலுக்கினார்.

அம்சா கும்பிட்டுவிட்டு நாயோடு கிளம்பினாள். தோப்பு வாசல்வரை போனவள், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, மிட்டாதாருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"எஜமான், இது அப்பன் இல்லீங்க, அத்தை. இவளோட அண்ணன்தான் அப்பன். அவன் கறிக்கடையாண்ட படுத்துகினு கீறான். அவனையும் இட்டாரட்டா?"

கோதண்டம் வக்கீலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மேசைப் பக்கம் நடந்தார். குவியலிலிருந்து இன்னொரு வில்லையை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"நீயே போய் அவனுக்குக் கட்டிடு தாயே. அவன் இங்க வரவே வேணாம்."