ஆணியில் தொங்கிய கேபிள்

கிளட்ச் மறுபடியும் இறுகிவிட்டதென்று, மீன்பெட்டி கட்டிய வண்டியை ஒரே கியரில் அலறவிட்டபடி பட்டறைக்கு வந்து சேர்ந்தார் சூசை. மெக்கானிக் கனகு கிளட்ச் கேபிளைக் கழற்றி, சுவர் ஆணியில் தொங்கவிட்டான். மேல்முனையில் பால் கவரைப் புனல்போலக் கட்டி எண்ணெய் ஊற்றினான். போன வாரம் அவனே மாட்டிய புதுக் கேபிள் அது. ஊற்றிய எண்ணெய் துளி அழுக்கில்லாமல் கீழே சொட்டியது.

"உனக்குத் தொழில் மறந்துபோச்சா கனகு? வண்டி ஓடலன்னா மீனை நான் தலையிலயா சுமக்கிறது?"

வண்டிமேல் உட்கார்ந்திருந்த சூசையின் இடது கை, பழக்கத்தில் கிளட்ச் லீவரைப் பிடித்தது. கேபிள் இல்லாத லீவர் அது, சுண்டுவிரலால் இழுத்தாலே வந்துவிடும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். விரல்கள் பாதி வளைந்து அப்படியே நின்றன. லீவர் அசையவில்லை.

"பாரு, இன்னும் டைட்டாத்தான் இருக்கு."

கனகு அவர் கையைப் பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கும் கேபிளைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊறட்டும்ணே" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருந்த கவரில் மேலும் எண்ணெய் ஊற்றினான். அது வழிந்து சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.