இளவரசிக்கு என்ன பிடிக்கும்?

“பத்திரமா போயிட்டு வாங்க கேப்டன். நான் காத்திருக்கேன்.”

கண்ணை மூடிச் சொல்லி முடித்தாள் வில்லா. ஐந்து கார்ட்டூன் படங்களாக இளவரசிக்கு அவள்தான் குரல்.

“பிரமாதம்!” என்றார் டைரக்டர் டக், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

“என்ன பிரமாதம்? அஞ்சு படமா இவளுக்கு ஜன்னலை விட்டா கதியில்ல. என்ன பிடிக்கும், என்ன சாப்பிடுவா, ஒண்ணும் கிடையாது. அந்தக் கேப்டனும் ஒரு வார்த்தை கேக்க மாட்டான்.”

“இளவரசிக்கு எதுக்கும்மா சாப்பாடு? காதலிச்சாப் போதும்.”

“அது ஒண்ணுதான் தானா வருது.”

ஹெட்போனில், போன படத்தில் பதிவான கேப்டனின் குரலை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டாள். மேகத்தில் மிதப்பது போலிருந்தது.

வெளியே வந்தபோது லிப்ட் திறந்தது. வழுக்கைத் தலையோடு ஒருவர் இறங்கினார்.

“டக் உள்ளே இருக்காரா?”

அந்தக் குரல்! பதினாலு வருஷமாகக் காதுக்குள் இருக்கும் குரல். ஆளை இன்றுதான் பார்க்கிறாள். ஒவ்வொருவரையும் தனித்தனி நாளில்தான் பேச வைப்பார்கள். நாளைக்கு வர வேண்டியவர், நாள் தப்பி இன்றே வந்துவிட்டார்.

“கேப்டன்...” என்றாள் மெல்ல.

குரலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“இளவரசி! நீங்க என்ன சாப்பிடுவீங்க? அஞ்சு படமா கேக்கணும்னு இருக்கேன். எழுதியே தர மாட்டேங்கிறாங்க!”