குழாயில் வந்த தங்கச்சி

இந்தக் கதையில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், முதலில் வெடுக்கி எலி கத்தி முடிக்கட்டும்.

அவள் குடியிருந்த பொந்துக்குள் ஒரு பழைய குழாயின் வாய் நீட்டிக்கொண்டிருந்தது. ஊரில் யார் எங்கே பேசினாலும் அதில் கேட்கும். மகள் சுண்டு நாள் முழுக்க அதிலேயே காதை வைத்துக் கிடந்தாள்.

"அறிவிருக்காடி உனக்கு? அதுல பேசுறவன் மூஞ்சி தெரியுமா? தவளை மாதிரி கத்துறதெல்லாம் தவளையா? இந்த ஊர்க் கடுவன் பூனை எல்லாக் குரல்லயும் பேசுமாம்! அதுல வாயைத் திறந்தே, வாலை நறுக்கிடுவேன்!" என்று குதித்தாள் வெடுக்கி.

அப்போது குழாயிலிருந்து தேனாக ஒரு குரல் வந்தது. "அக்கா, உன் தங்கச்சி நொறுக்கி பேசுறேன். பிள்ளையை என்ன கண்டிப்பா வளர்க்கிறே! எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடேன்."

வெடுக்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகளைத் தள்ளிவிட்டுக் குழாயில் வாயை வைத்தாள்.

"அதை ஏன் கேக்கிறே போ! சமையல்கட்டுல அரிசி மூட்டைக்குப் பின்னாடி இருக்கோம்னு எவன் கேட்டாலும் சொல்லாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொல்லி வச்சிருக்கேன். மத்தியானம் நான் இரை தேடப் போனா இவ தனியா இருக்கிறதைக்கூட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்!"

"அருமை அக்கா," என்றது குரல்.

சுண்டு பல்லைக் கடித்தாள். "அம்மா, சித்தி வாயிலேருந்து அக்கான்னு என்னைக்காவது வந்திருக்கா? 'அடியே வெடுக்கி'ன்னுதானே கூப்பிடுவா!"

வெடுக்கி குழாயைப் பார்த்தாள். அதில் இப்போது சத்தமே இல்லை. அரிசி மூட்டைதான் மெல்ல நகர்ந்தது.